பார்த்தவர்கள் 12,000, பார்த்ததாகச் சொல்பவர்கள் ஒரு லட்சம்

சென்ற இதழில், தூக்கம் வராத ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, “அயர்லாந்தில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தால் பக்கத்து ரக்பி மைதானம் தூங்க விடாது” என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். தூக்கத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள், மைதானத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. சரி, இந்த முறை சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் விடுமுறை.

கேள்வி: அது எந்த ஊர், என்ன மைதானம்? உங்கள் வீட்டுக்கு அவ்வளவு பக்கமா? (சேலம் வாசகி)

ஊர் லிமெரிக். அயர்லாந்தின் மேற்கே, ஷானன் ஆற்றங்கரையில் இருக்கிறது. டப்ளினிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். நான் 2002 அக்டோபரில் நர்ஸ் வேலைக்குப் போய் இறங்கியபோது லட்சம் பேர்கூட இல்லாத ஊர். 2017 வரை அங்கேதான் இருந்தேன்.

மைதானத்தின் பெயர் தோமண்ட் பார்க். அந்தப் பகுதியை ஆண்ட பழைய ஐரிஷ் அரசின் பெயர் தோமண்ட். வட மன்ஸ்டர் என்று பொருள். மன்ஸ்டர் என்பது அயர்லாந்தின் நான்கு மாகாணங்களில் ஒன்று, தென்மேற்கு மூலை. மற்ற மூன்று லென்ஸ்டர், அல்ஸ்டர், கனாக்ட். ரக்பியில் இந்த நான்கும் நான்கு அணிகள். நாடு இரண்டாகப் பிரிந்த பிறகும் ரக்பி பிரியவில்லை. வடக்கும் தெற்கும் சேர்ந்து ஒரே அயர்லாந்து அணியாகத்தான் இன்றும் ஆடுகின்றன.

மைதானம் திறந்தது 1934-இல். ஊரின் வடமேற்கே, கிராட்லோ சாலையில், வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. அதிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். கீழே வீட்டுக்காரம்மா. அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல், கணவர் போய் இரண்டு வருஷம். கூடத்தில் கணவரின் படம். அக்கம்பக்கத்தார் யார் வந்தாலும் அந்தப் படத்தைக் காட்டி என்னிடம் சொல்வார்கள்: “தெரியுமா, இவர் அன்றைக்கு அங்கே இருந்தவர்.” எங்கே, என்றைக்கு என்று கேட்கவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதுபோலப் பேசினார்கள்.

கேள்வி: ரக்பி என்றால் பணக்காரப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுவது என்று படித்திருக்கிறேன். அதற்கு ஒரு ஊரே உயிரை விடுமா? (கோவை வாசகர்)

நீங்கள் படித்தது டப்ளினுக்குப் பொருந்தும். அங்கே இந்த ஆட்டம் பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளிலிருந்தும் அவற்றின் பழைய மாணவர்களிடமிருந்தும் வந்தது. லிமெரிக்கில் கதையே வேறு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் ஆலையில் வேலை பார்த்தவரும் டாக்டரும் ஒரே ஸ்க்ரம்மில் (இரண்டு அணியும் குனிந்து கோத்துக்கொண்டு பந்துக்காகத் தள்ளும் கட்டம்) தோளோடு தோள் முட்டி நின்ற ஊர் அது. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு கிளப். கேரியோவனும் ஷானனும் 1884-இல் தொடங்கியவை, யங் மன்ஸ்டர் 1895. எந்தக் கிளப் என்று கேட்டால் அவர் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும்.

பந்தை வானத்துக்கு உதைத்துவிட்டு, அது கீழே வருவதற்குள் ஆட்கள் அதன் அடியில் ஓடிப்போய் நிற்பார்கள் பாருங்கள், அந்த உதைக்கு உலகம் முழுக்க “கேரியோவன்” என்றுதான் பெயர். அந்தக் கிளப்பின் பெயர்தான் அது. அகில அயர்லாந்து கிளப் லீக் 1990-91-இல் தொடங்கியது. முதல் வருஷக் கோப்பை கார்க் நகரத்துக்குப் போனது. அடுத்த ஏழு வருஷமும், அதாவது 1992 முதல் 1998 வரை, கோப்பை லிமெரிக்கை விட்டு வெளியே போகவில்லை. அதில் 1995 முதல் 98 வரை தொடர்ந்து நான்கு ஷானனுக்கு. இவ்வளவு சின்ன ஊருக்கு இது கொஞ்சம் அதிகப்படிதான்!

தோமண்ட் பார்க் பெரிய மன்ஸ்டர் ஆட்டங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஷானனும் பல்கலைக்கழகத்தின் போஹிமியன் கிளப்பும் அதைத்தான் வீடாக வைத்திருந்தன. நான் முதலில் உள்ளே போனதே ஒரு கிளப் ஆட்டத்துக்குத்தான். மழை. நானூறு ஐநூறு பேர் இருந்திருப்பார்கள். வீட்டுக்காரம்மா என் கையில் ஒரு ஃபிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டு, நடுவரின் பார்வையைப் பற்றி நான் மருத்துவமனையில்கூடக் கேட்டிராத வார்த்தைகளில் பேச ஆரம்பித்தார்.

கேள்வி: உங்களுக்கு ரக்பி விதிகள் புரியுமா? (பெயர் வேண்டாம் என்கிறார் ஒரு வாசகர்)

பதினைந்து வருஷம் பார்த்திருக்கிறேன். ஸ்க்ரம் சரிந்தால் யார் மேல் தப்பு என்பது எனக்குப் புரியாது. நடுவருக்கும் புரியாது என்பது வீட்டுக்காரம்மாவின் கருத்து.

கேள்வி: “அன்றைக்கு அங்கே இருந்தவர்” என்றீர்களே, அது என்றைக்கு? (திருநெல்வேலி வாசகர், சென்னை வாசகி, இன்னும் பலர் கேட்பார்கள் என்று தெரிந்து நானே சேர்த்துக்கொண்ட கேள்வி)

1978 அக்டோபர் 31, செவ்வாய்க்கிழமை மதியம்.

நியூசிலாந்து அணியை ஆல் பிளாக்ஸ் என்பார்கள், முழுக் கறுப்புச் சீருடை. அந்த வருஷம் அவர்கள் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சுற்றுப்பயணம் வந்து, இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து நான்கு நாட்டு அணிகளையும் வென்றார்கள். அந்தப் பயணம் முழுவதும் தோற்றது ஒரே ஒரு ஆட்டம். தோற்கடித்தது ஒரு நாடுகூட இல்லை, மன்ஸ்டர் என்ற மாகாணம். 12–0. ஆல் பிளாக்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அதற்கு முன்னால் எந்த ஐரிஷ் அணியும் அவர்களை வென்றதில்லை. அயர்லாந்து தேசிய அணி முதல்முறை வெல்வதற்கு 2016 நவம்பர் வரை, முப்பத்தெட்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது புரிகிறதா, படத்தில் இருந்தவருக்கு ஏன் அந்த மரியாதை என்று?

மன்ஸ்டர் ஆட்கள் ஒருவரும் சம்பளத்துக்கு ஆடியவர்கள் இல்லை. எல்லோருக்கும் வேறு பிழைப்பு உண்டு. பயிற்சியாளர் டாம் கீர்னன். ஆரம்பத்திலேயே சீமஸ் டெனிசன் என்ற சின்ன உருவம், ஸ்டூ வில்சன் என்ற பெரிய ஆட்டக்காரரை மோதிச் சாய்த்தார். அந்த ஒரு மோதலில்தான் ஆட்டம் திரும்பியது என்று லிமெரிக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிறகு ஜிம்மி போவன் பந்தோடு பிய்த்துக்கொண்டு ஓடி, கிறிஸ்டி கேன்டிலனிடம் கொடுக்க, அவர் டிரை வைத்தார், அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தார். டோனி வார்ட் கன்வர்ஷனும் (டிரைக்குப் பிறகு கிடைக்கும் உதை) இரண்டு டிராப் கோலும் (ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அடித்தார். அன்றைய கணக்கில் டிரைக்கு 4, கன்வர்ஷனுக்கு 2, டிராப் கோல் ஒவ்வொன்றுக்கும் 3. கூட்டிப் பாருங்கள், 12 வரும்.

மன்ஸ்டர் கேப்டன் டோனல் கனிஃப். ஆட்டம் முடிந்து ஊரே ஆடிக்கொண்டிருந்தபோது அவருக்குச் செய்தி வந்தது. கார்க்கில் வானொலியில் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய அப்பா சரிந்து விழுந்து இறந்துவிட்டார். கொண்டாட்டம் எதிலும் கலந்துகொள்ளாமல் கேப்டன் ஊருக்குக் கிளம்பினார். இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் லிமெரிக்காரர்களின் குரல் இறங்கும்.

அன்று மைதானத்தில் இருந்தவர்கள் சுமார் 12,000 பேர். இருந்ததாகச் சொல்பவர்கள் ஒரு லட்சம் பேர் என்பது அந்த ஊரின் பழைய நகைச்சுவை. என் வார்டில் படுத்த ஆண்களில் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் அங்கே இருந்தவர்கள்தான். ரத்த அழுத்தம் பார்க்கும்போது அந்தப் பேச்சை எடுக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன், அளவு ஏறிவிடும்.

கேள்வி: இவ்வளவு பெருமை வாய்ந்த மைதானத்தை ஏன் இடித்துக் கட்டினார்கள்? (மதுரை வாசகர்)

பழைய தோமண்ட் பார்க்கைப் பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். ஒரு பக்கம் கூரை போட்ட ஸ்டாண்ட். மீதியெல்லாம் கான்கிரீட் படிகள், அதில் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். அட்லாண்டிக் காற்று குறுக்கே வீசும். மொத்தம் பதின்மூவாயிரம் பேர் கொள்ளும், அவ்வளவுதான். நெருக்கியடித்து நிற்கும்போது முன்னால் நிற்பவரின் கோட்டிலிருந்து ஆவி எழும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

1995-இல் ரக்பி சம்பள ஆட்டமாயிற்று. அதே வருஷம் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்திலிருந்தே மன்ஸ்டர் தன் வீட்டில் தோற்கவில்லை. வருஷம் போகப் போக, தோமண்ட் பார்க்குக்குப் போவதென்றால் இங்கிலாந்து, பிரெஞ்சு அணிகளுக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம், 2003 ஜனவரி 18, குளோஸ்டர் என்ற இங்கிலாந்து அணி வந்தது. அடுத்த சுற்றுக்குப் போக மன்ஸ்டருக்கு வெறும் வெற்றி போதாது. நான்கு டிரை வேண்டும், 27 புள்ளி வித்தியாசமும் வேண்டும். ஆகாத காரியம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் 26–6. ஜான் கெல்லி நான்காவது டிரையை வைத்தார். 31–6, வித்தியாசம் 25. இன்னும் இரண்டு போதவில்லை. ரோனன் ஓகாரா கன்வர்ஷனை உதைத்தார். 33–6. சரியாக 27, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்று எனக்குப் பகல் ஷிஃப்ட். ஒரு கட்டில் விடாமல் வானொலி. வயிற்றுத் தையல் போட்டு இரண்டு நாள் ஆன ஒருவர் எழுந்து நின்று கத்தினார். எழுந்திருக்கச் சொல்லி நாங்கள் காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தோம், முடியாது என்று படுத்திருந்தவர் அவர். “அதிசய ஆட்டம்” என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

இப்படியே ஆடினால் கூட்டம் என்ன ஆகும்? டிக்கெட் கிடைக்காது. சொந்த மைதானம் போதாமல், 2006 கால் இறுதியை டப்ளினில் போய் ஆடினார்கள், வீட்டு ஆட்டத்துக்கு 200 கிலோமீட்டர்! அந்த வருஷம் மே மாதம் கார்டிஃபில் பியாரிட்ஸ் என்ற பிரெஞ்சு அணியை 23–19 என்று வென்று முதல்முறை ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார்கள். லிமெரிக்கின் ஓகானல் தெருவில் பெரிய திரை வைத்திருந்தார்கள், அங்கே நின்ற கூட்டத்தில் நானும் வீட்டுக்காரம்மாவும் இருந்தோம். நடுவில் எங்கள் தெருவையே கார்டிஃப் மைதானத் திரையில் காட்டிவிட்டார்கள். எங்களைப் பார்த்து அங்கே இருந்தவர்கள் கத்த, அதைப் பார்த்து நாங்கள் கத்த, காது அடைத்துப் போயிற்று.

பழைய மைதானத்தில் கடைசிப் பெரிய ஆட்டம் 2007 ஜனவரி, லெஸ்டர் என்ற இங்கிலாந்து அணிக்கு எதிராக. மழையில் 13–6 என்று மன்ஸ்டர் தோற்றது. ஐரோப்பியக் கோப்பையில் தோமண்ட் பார்க்கில் முதல் தோல்வி. 26 ஆட்டங்களுக்குப் பிறகு வந்தது. இடிக்கும் நேரத்தில் தோற்றது சகுனம் என்றார் எதிர்வீட்டுக்காரர். வீட்டுக்காரம்மா அவரோடு இரண்டு வாரம் பேசவில்லை.

கேள்வி: புதிதாக என்ன கட்டினார்கள்? பணம் எங்கிருந்து வந்தது? (திருச்சியிலிருந்து ஒரு கட்டடப் பொறியாளர்)

பொறியாளருக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஜன்னலில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கிழக்கிலும் மேற்கிலும் நீளவாட்டில் இரண்டு பெரிய ஸ்டாண்டுகள். இரண்டின் கூரையையும் தாங்குவது ராட்சச இரும்பு வளைவுகள். வில்லை வளைத்துப் படுக்கப்போட்டதுபோல இருக்கும். தூண் கிடையாது, அதனால் யாருடைய பார்வையும் மறைக்கப்படாது. ஊருக்கு வெளியிலிருந்து பஸ்ஸில் வரும்போது தேவாலயக் கோபுரத்துக்கு முன்னால் கண்ணில் படுவது அந்த வளைவுகள்தான். 25,600 பேர் கொள்ளும் மைதானம், அதில் சுமார் 15,000 பேருக்கு இருக்கை. செலவு ஏறக்குறைய 40 மில்லியன் யூரோ.

இரண்டு முனைகளில் இருந்த படிகளை மட்டும் அவர்கள் தொடவில்லை. கூரை போடவில்லை, இருக்கை போடவில்லை. இன்றும் பத்தாயிரம் பேர் அங்கே மழையில் நின்றுதான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், அந்தத் திட்டத்தில் எடுத்த நல்ல முடிவுகளில் முதலாவது அதுதான். முழுக்க நாற்காலி போட்டு மூடியிருந்தால் அது வேறொரு மைதானமாகப் போயிருக்கும். இன்னொன்று, ஊருக்கு வெளியே திறந்தவெளியில் கார் நிறுத்த வசதியாக ஒன்றைக் கட்டிவிட்டுப் போகாமல், அதே புல்வெளியைச் சுற்றியே கட்டினார்கள். 1978-இல் டெனிசன் மோதிய இடம் இன்றும் அதே இடம்.

வேலை நடக்கும்போதே ஆட்டமும் நடந்தது. 2008 ஜனவரியில் லண்டனின் வாஸ்ப்ஸ் அணி வந்தபோது, பாதி கட்டிய ஸ்டாண்டும் கிரேனும் பார்த்துக்கொண்டிருக்க, கொட்டும் மழையில் மன்ஸ்டர் 19–3 என்று வென்றது. அந்த மே மாதம் கோப்பை மறுபடியும் அவர்களுக்கு.

பணம்? ரக்பி யூனியன் தந்தது, அரசு மானியம், மீதி கடன். கட்டத் தொடங்கியபோது அயர்லாந்து பணத்தில் மிதந்துகொண்டிருந்தது. எங்கள் வார்டு உதவியாளர்கூட பல்கேரியாவில் வீடு வாங்குவதைப் பற்றிப் பேசுவார். கட்டி முடித்த அதே 2008 செப்டம்பர் கடைசியில், அரசாங்கம் வங்கிகளின் கடனுக்கெல்லாம் ஜாமீன் நிற்கிற நிலைமை வந்துவிட்டது. 2009 ஜனவரியில் ஊரின் பெரிய கம்ப்யூட்டர் ஆலை 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பப் போவதாக அறிவித்தது. வேலை போலந்துக்குப் போயிற்று. டிக்கெட் வாங்க வேண்டிய ஆட்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் விமானம் ஏறினார்கள். கடன் மட்டும் அங்கேயே நின்றது. பல வருஷம் மன்ஸ்டரின் தலையில் அது பாரமாக இருந்தது.

கேள்வி: புது மைதானத்தில் முதலில் என்ன பார்த்தீர்கள்? (ஈரோடு வாசகி)

2008 நவம்பர் 18. அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆனால் இரவு. முப்பது வருஷம் கழித்து ஆல் பிளாக்ஸை மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். மன்ஸ்டரின் பெரிய பெயர்கள் பெரும்பாலும் அயர்லாந்து அணி முகாமில் இருந்தார்கள். வந்தது இரண்டாம் வரிசை என்று நினைத்துத்தான் போனோம்.

நியூசிலாந்துக்காரர்கள் ஆட்டத்துக்கு முன்னால் ஹக்கா என்ற போர் நடனம் ஆடுவார்கள், தெரிந்திருக்கும். அன்று அவர்களுக்கு முன்னால் மன்ஸ்டர் சிவப்புச் சட்டையில் நான்கு பேர் முன்னுக்கு வந்து ஹக்கா ஆடினார்கள்! மன்ஸ்டருக்கு ஆடிக்கொண்டிருந்த நியூசிலாந்துக்காரர்கள் அவர்கள்: ரூவா திப்போக்கி, டக் ஹவ்லெட், லிஃபெய்மி மாஃபி, ஜெரமி மேனிங். கூட்டத்துக்கு முதலில் என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்த சத்தத்தில் புதுக் கூரை நிற்குமா என்று நான் மேலே பார்த்தேன்.

பாரி மர்ஃபி டிரை வைத்தார். இரண்டாம் வரிசை என்று நினைத்த பையன்கள் கடைசி நிமிடங்கள் வரை முன்னால் இருந்தார்கள். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது ஜோ ரோக்கோக்கோ மூலையில் ஓடி டிரை வைத்தார். 18–16, நியூசிலாந்து. தோற்ற அணிக்காக ஒரு ஊர் அவ்வளவு நேரம் எழுந்து நின்று கைதட்டி நான் பார்த்ததில்லை.

கேள்வி: மைதானம் தூங்க விடாது என்று எழுதினீர்கள். அவ்வளவு சத்தமா? (தஞ்சாவூர் வாசகர்)

இல்லை, இங்கேதான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள். என்னை எழுப்பியது சத்தம் இல்லை.

தோமண்ட் பார்க்கில் ஒரு வழக்கம் உண்டு. கோலுக்குக் குறிவைத்து யார் உதைக்க நின்றாலும், நம்மவரானாலும் எதிரியானாலும், மொத்தக் கூட்டமும் வாயை மூடிவிடும். விசில் இல்லை, கேலி இல்லை. எதிரணி உதைப்பவருக்கு மரியாதை என்று சொல்வார்கள். உதைத்தவர்களைக் கேட்டால், பத்தாயிரம் பேர் கத்துவதைக்கூடத் தாங்கலாம், இந்த மௌனத்தைத் தாங்க முடியாது என்பார்கள் போலிருக்கிறது. பேசிவிட்ட வெளியூர்க்காரரை நாலாபக்கமும் “உஷ்” என்று அடக்குவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த வெளியூர்க்காரி ஒருமுறை நான்தான்.

ஆட்டச் சத்தத்துக்கு இரண்டே மாதத்தில் பழகிவிட்டேன். கடலோரத்துக்காரர்கள் அலையோடு தூங்குவதில்லையா, அதுபோல. ஆனால் அந்தச் சத்தம் பட்டென்று அறுந்து நின்றால் விழித்துக்கொள்வேன். படுக்கையில் கிடந்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். அரை நிமிடம். பிறகு ஜன்னல் அதிர்ந்தால் ஓகாரா. அளவாகக் கைதட்டல் கேட்டால் எதிரணிக்கு மூன்று புள்ளி. ஒரு பெருமூச்சும் முணுமுணுப்பும் என்றால் நம்மாள் தவறவிட்டார். கண்ணைத் திறக்காமலே ஸ்கோர் சொல்வேன்.

கச்சேரிகளும் நடந்தன. 2009-இல் எல்டன் ஜான், 2013-இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். இரண்டையும் பின்கட்டில் நாற்காலி போட்டு ஓசியில் கேட்டோம்.

கேள்வி: புதிதாகக் கட்டிய பிறகு பழைய உயிர்ப்பு இருந்ததா? உண்மையைச் சொல்லுங்கள். (காரைக்குடி வாசகர்)

எல்லா நாளும் இல்லை. 2010 நவம்பரில் ஆஸ்திரேலியா வந்தது. குடை பிடித்தால் குடையோடு நாமும் பறந்துவிடும் காற்று, மழை பக்கவாட்டில் அடித்தது. மன்ஸ்டர் 15–6 என்று வென்றது. அன்று உயிர்ப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஏதோ ஒரு சாதாரண லீக் ஆட்டத்துக்கு வெள்ளிக்கிழமை இரவு ஆறாயிரம் பேர் வந்தால், பழைய மைதானத்தில் அது கூட்டம். புதியதில் அது காலி நாற்காலிகள். அணியும் முன்புபோல வெல்லவில்லை. ஓகாரா 2013-இல் ஓய்வு பெற்றார், பழைய ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 25,600 என்பது 2006-இன் பசிக்கு அளந்து செய்த பாத்திரம்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். அந்தப் பாத்திரமும் சில நாள் போதவில்லை. நான் திரும்பி வந்த பிறகு, 2022 நவம்பரில், தென்னாப்பிரிக்க ஏ அணியோடு மன்ஸ்டர் ஆடிய ஆட்டத்தைக் கார்க் நகரத்தில், கேலிக் விளையாட்டுகளுக்கான (அயர்லாந்தின் சொந்த ஆட்டங்கள்) பார்க் ஈ கீவ் மைதானத்தில் வைத்தார்கள். நாற்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். லிமெரிக்கும் கார்க்கும் மன்ஸ்டரின் இரண்டு வீடுகள், இரண்டுக்கும் நடுவே அண்ணன் தம்பிப் பொறாமை உண்டு. வீட்டுக்காரம்மா போனில் சொன்னார்: “கார்க்காரர்களுக்கு நல்லது, பாவம், அவர்களும் எப்போதாவது பார்க்க வேண்டாமா.”

கேள்வி: நீங்கள் மறக்க முடியாத நாள்? 1978 ஆட்டத்தைப் பார்த்தவர்கள் உங்களிடம் சொன்ன கதை ஏதாவது உண்டா? (நாகர்கோவில் வாசகி)

இரண்டு கேள்விக்கும் ஒரே நாள்தான் பதில். 2016 அக்டோபர் 22.

1978 அணியில் பிரெண்டன் ஃபோலி என்று ஒருவர் ஆடினார். அவருடைய மகன் அந்தோனி ஃபோலி. ஷானன் கிளப் பையன், 2006-இல் மன்ஸ்டர் கோப்பை வென்றபோது கேப்டன், பிறகு பயிற்சியாளர். ஊரில் “ஆக்சல்” என்றால்தான் தெரியும். அணியோடு பாரிஸுக்குப் போன இடத்தில், ஆட்டத்தன்று, அக்டோபர் 16-ஆம் தேதி, ஹோட்டல் அறையில் தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 42. வெள்ளிக்கிழமை கில்லலோவில் அடக்கம். மறுநாள் தோமண்ட் பார்க்கில் கிளாஸ்கோவோடு ஆட்டம்.

ஃபோலி ஆடிய 8-ஆம் எண் சட்டையை அன்று யாரும் போடவில்லை. அந்த இடத்தில் ஆடிய சி.ஜே. ஸ்டாண்டர் 24 என்ற எண் போட்டுக்கொண்டு வந்தார். ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நிமிட மௌனம். உதைக்கும்போது வரும் மௌனத்தைத்தான் அதுவரை கேட்டிருந்தேன். இது அதுபோல இல்லை, ஒரு குழந்தை இருமியது மறுமுனையில் கேட்டது. இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, கீத் எர்ல்ஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பதினான்கு பேரோடு ஆடி 38–17 என்று வென்றார்கள். முடிந்ததும் ஆட்டக்காரர்கள் மைதான நடுவில் வட்டமாக நிற்க, ஃபோலியின் இரண்டு சின்னப் பையன்களும் உள்ளே நின்று அவர்களோடு பாடினார்கள்.

திரும்பி நடந்து வந்தோம். கிராட்லோ சாலை முழுக்கக் கூட்டம், ஆனால் யாரும் உரக்கப் பேசவில்லை. வீட்டுக்காரம்மாவுக்கு அப்போது எண்பது நெருங்கிவிட்டது, என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்பா ஃபோலியையும் பார்த்தேன், மகனையும் பார்த்துவிட்டேன் என்றார்.

“அப்பா ஃபோலியை எங்கே பார்த்தீர்கள்?” என்றேன்.

“எழுபத்தெட்டில்தான்.”

“உங்கள் கணவர்தானே போனார்?”

நின்றார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்குக் கணவருக்கு சிமென்ட் ஆலையில் லீவு கிடைக்கவில்லையாம். டிக்கெட் வீணாகப் போகக்கூடாது என்று, தான் வேலை பார்த்த கடையில் பல்வலி என்று சொல்லிவிட்டு, கணவரின் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு இவர் போய் நின்றிருக்கிறார், கிழக்குப் பக்கப் படியில். சாயந்திரம் அடுப்படியில் நின்று கணவருக்கு ஒவ்வொரு அடியாகச் சொல்லியிருக்கிறார். ஒரு மாதம் கழித்து மதுக்கடையில் யாரோ கேட்க, அவர் அதை அப்படியே தன் கதையாகச் சொல்லியிருக்கிறார். நன்றாகச் சொன்னாராம்.

“இத்தனை வருஷமாக நீங்கள் யாரிடமும் சொல்லவில்லையா?”

“பல்வலி என்று சொன்ன கடையில் இன்னும் எனக்குக் கணக்கு இருக்கிறது” என்றார்.